ஜன்னல் துளையில் குடியிருக்கும் தேனீ



எங்கள் எம்.கே.பி. நகரில் ஜன்னல் கட்டைத் துளையில் மண் அடைத்திருந்தால், "குளவி கூடு கட்டியிருக்கு, வீட்டில் விசேஷம் வரப்போகுது" என்பார்கள். பல நேரம் குளவிதான். சில நேரம் தனித்தேனீ. இதற்கு ராணியும் இல்லை, வேலைக்காரக் கூட்டமும் இல்லை. ஒரே தாய் துளை தேடி, மகரந்தமும் தேனும் பிசைந்து வைத்து, மேலே ஒரு முட்டையிட்டு, அறையை அடைத்து, அடுத்த அறையைத் தொடங்கும். துரத்திக் கொட்டுவது அரிது.

அகநானூறு 82ஆம் பாட்டில், மூங்கில் துளைகளில் மேல்காற்று புகுந்து குழலிசை எழுவதைக் கபிலர் சொல்கிறார். அந்தத் துளைகள் வண்டு போட்டவை என்பது உரை. இன்றும் மூங்கிலைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டு, தனித்தேனீ இனம்தான்.

இவற்றின் குணத்தைக் கண்டு சொன்னவர் என்னைப் போல ஆசிரியர் பயிற்சி முடித்த ஒரு வாத்தியார் என்பதில் எனக்குப் பெருமை. பிரான்சு நாட்டு ஃபாப்ர் (1823-1915). 1843 வாக்கில், நில அளவை கற்பிக்கப் பையன்களை வெளியே கூட்டிப் போனார். அவர்களோ பாடத்தை விட்டுவிட்டு, கூழாங்கல் மேல் தேனீ கட்டிய கூட்டிலிருந்து வைக்கோல் குழலால் தேன் உறிஞ்சினார்கள். வாத்தியாருக்கும் ஆசை வந்தது. ஒரு மாதச் சம்பளத்தைப் போட்டுப் பூச்சி நூல் வாங்கினார்!

பிற்காலத்தில் அவர் வேறொரு தனித்தேனீக்கு நாணல் குழலும் கண்ணாடிக் குழாயும் வைத்துப் பார்த்தார். உள்ளே ஆழத்தில் பெண் முட்டை, வாசல் பக்கம் ஆண் முட்டை. குழாய் ஒடுக்கமாக இருந்தால் ஆண் மட்டுமே. இடத்தைப் பார்த்துத் தாயே தீர்மானிக்கிறது! கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும்.

அமெரிக்காவின் கிராம்பெய்ன், துளையிட்ட மரக்கட்டைகளை வைத்து ஆராய்ந்து 1967இல் பெரிய நூலே எழுதினார். இலங்கைப் பூச்சிகளையும் ஆராய்ந்தவர் அவர். ஜப்பானில் ஆப்பிள் தோட்டங்களில் நாணல் கட்டுகளைத் தொங்கவிட்டு இவற்றை வளர்க்கிறார்கள்.

நம் பக்கம் ஓலைக் கூரையும் மூங்கிலும் மரச் சட்டமும் போய், அலுமினிய ஜன்னலும் டைல்ஸும் வந்துவிட்டன. துளை இல்லாவிட்டால் இவை எங்கே போகும்? துவரை, முருங்கைப் பூவெல்லாம் நன்றாகக் காய்க்க இவை உதவும்.

அதனால் ஒரு வீட்டுப்பாடம். ஒரு பக்கம் கணு அடைத்த மூங்கில் அல்லது நாணல் துண்டுகளை ஒரு சாண் நீளத்தில் வெட்டுங்கள். துளை 3 முதல் 10 மில்லிமீட்டர் வரை கலந்திருக்கட்டும். ஒடுக்கமானவை மட்டும் வைத்தால் ஆண்களே பிறக்கும் என்பதை மறக்காதீர்கள். கட்டி, மழை படாமல், காலை வெயில் படும் மாடியில் அசையாமல் வையுங்கள். வாசலில் மண்ணோ இலையோ அடைத்திருந்தால் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மருந்து அடிக்காதீர்கள்.

யார் வீட்டில் முதலில் குடி வருகிறது என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்