காக்காப் பொன்

பொன்னேரி பஜாரில் ஏதாவது ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்குள் நுழைந்து, 'ஐ-ஷேடோ இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். வளையல், ஸ்டிக்கர் பொட்டு, ரப்பர் பேண்ட் வகையறாக்களைத் தள்ளிவிட்டு, கையகல டப்பா ஒன்றைத் திறந்து காட்டுவார்கள். உள்ளே குட்டிக் குட்டிக் குழிகள். செம்பு, வெண்கலம், செங்கல், அரக்கு, துருப்பிடித்த ஆணியின் நிறம்... இப்படிச் சூடான நிறங்களாகப் பொறுக்கி அடுக்கிய டப்பாவுக்கு 'வார்ம் டோன்' என்று பெயர். நம்மூர் மாநிறத்துக்கு அம்சமாகப் பொருந்துகிற ஜாதி.

விரலால் தொட்டு, மணிக்கட்டில் ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். (வாங்கும் உத்தேசம் இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் முறைப்பார்.) செங்கல் நிறம் மாவு மாதிரி அப்பிக்கொண்டு சும்மா கிடக்கும். செம்பு நிறமோ, கையைத் திருப்பத் திருப்ப டியூப் லைட் வெளிச்சத்தில் மினுமினுக்கும். ஏன் இந்த வித்தியாசம்?

செங்கல் நிறத்தின் சூட்சுமம் எளிது. துரு! அதாவது இரும்பு ஆக்ஸைடு. ஆதிமனிதன் குகைச் சுவரில் காவிக்கல்லால் மாடு வரைந்தானே, அதே சரக்குதான். இப்போது சுத்தபத்தமாகத் தொழிற்சாலையில் தயாரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

விவகாரமெல்லாம் மினுமினுப்பில்தான். அதற்காக மனுஷன் படாத பாடு பட்டிருக்கிறான். எகிப்து சீமாட்டிகள் மாலகைட் கல்லை அரைத்துப் பச்சையும், கலீனா என்கிற ஈயக் கனிமத்தை அரைத்துக் கறுப்பும் கண்ணுக்கு எழுதிக்கொண்டார்கள். 17-ம் நூற்றாண்டு பாரிஸில், ஜபமாலை செய்து பிழைத்த ஜாக்கன் என்ற ஆசாமி, மீன் செதிலிலிருந்து பளபளப்பைப் பிரித்தெடுத்துப் போலி முத்து செய்தார். அப்புறம் அழகு சாதனங்களிலும் மீன் செதில் நுழைந்தது.

1963-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியைச் சேர்ந்த லின்டன் ஒரு காப்புரிமை பெற்றார். மைக்காவை நைஸாகப் பொடித்து, துணுக்குகளின் மேல் டைட்டானியம் டை ஆக்ஸைடை மெல்லிய தோலாகப் போர்த்தினால் முத்து மாதிரி ஜொலிக்கும். டைட்டானியத்துக்குப் பதில் நம்ம துருவையே போர்த்தினால்? வெண்கலம்! தோலின் கனத்தைக் கொஞ்சம் கூட்டினால் செம்பு. இன்னும் கூட்டினால் அடர் சிவப்பு. உங்கள் மணிக்கட்டில் மினுங்குவது இந்தச் சங்கதிதான்.

மைக்கா என்றால் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம் பாட்டிமார் பாஷையில் அது காக்காப் பொன். சித்த வைத்தியர் பாஷையில் அப்பிரகம். பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து வடக்கே போகும் தண்டவாளத்தைப் பிடித்துப் போனால் கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை தாண்டி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் கூடூர். அதைச் சுற்றி அந்தக் கால நெல்லூர் ஜில்லாவின் மைக்கா சுரங்கங்கள். சென்னை ராஜதானியின் சொத்து. இந்த மண்ணில் பத்தடி அகலப் பாளங்களே கிடைத்ததாக, 1902-ல் வெள்ளைக்கார நிலவியலாளர் ஹாலண்ட் எழுதிவைத்திருக்கிறார்.

நெல்லூர் மைக்கா பச்சை. பீகார் மைக்கா மாணிக்கச் சிவப்பு; அங்கேயும் 'வார்ம் டோன்'தான்! கொடர்மா, கிரிதி என்று இன்றைக்கு ஜார்க்கண்டில் இருக்கும் ஊர்கள். மைக்கா, சூட்டைத் தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே மோட்டார், ரேடியோ வால்வு, விமான இன்ஜினின் ஸ்பார்க் பிளக் எல்லாவற்றுக்கும் அது வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942-ல், பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து இந்திய மைக்காவை வாங்கவென்றே கூட்டாக ஒரு குழுவை அமைத்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். விவித பாரதிக்கு நேயர் விருப்பம் எழுதியே புகழ்பெற்ற ஜும்ரி தலையா, இந்தப் பக்கத்து மைக்கா வியாபாரிகளின் ஊர்தான். ரேடியோவுக்கு மைக்கா அனுப்பிய ஊர், பாட்டும் கேட்டது. நியாயம்தானே!

அப்புறம் சரிவு. வால்வை டிரான்சிஸ்டர் விழுங்கியது. 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வர, காட்டுக்குள் இருந்த சுரங்கங்கள் மூடப்பட்டன. பெரிய வாடிக்கையாளரான சோவியத் யூனியன் 1991-ல் காணாமலே போனது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வால்வுக்குக் கீறல், கறை இல்லாத முழுத் தகடு வேண்டும். அதை வெட்டவும் பிரிக்கவும் கைதேர்ந்த ஆள் வேண்டும். ஐ-ஷேடோவுக்கும் கார் பெயின்ட்டுக்கும்? எப்படியும் பொடிக்கத்தானே போகிறார்கள், உடைசலே போதும். மூடிய சுரங்கங்களைச் சுற்றி மலைமலையாகக் கிடந்த கழிவுக்குத் திடீரென்று விலை வந்தது. அந்த ஊரில் அதற்குப் பெயர் 'திப்ரா'. அதைப் பொறுக்க லைசென்ஸ் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஒரு கூடை, ஒரு சுத்தியல், எலிப்பொந்து மாதிரி குழிக்குள் நுழையக்கூடிய சின்ன உடம்பு... குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள்.

காமர்ஸ் படித்த எனக்கு இதில் முதலில் உறுத்தியது ஒரு கணக்கு. பல ஆண்டுகள், அரசு ஏட்டில் பதிவான மைக்கா உற்பத்தியைப் போலப் பல மடங்கு மைக்கா ஏற்றுமதியாகியிருக்கிறது. வரவில்லாமல் செலவு! டேலி ஆகாத அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்று யாருக்குத்தான் தெரியாது?

2016-ல் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள், இரண்டே மாதங்களில் சட்டவிரோதச் சுரங்கங்களில் ஏழு குழந்தைகள் இறந்திருப்பதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். பல சாவுகள் போலீஸ் வரை போகவேயில்லை. 2019-ல் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, ஜார்க்கண்டின் மைக்கா பகுதிகளில் மட்டும் 6 முதல் 14 வயது வரையிலான 4,545 குழந்தைகள் பள்ளிக்குப் போகவில்லை. மைக்கா பொறுக்கப் போவதும் அதற்கொரு காரணம்.

கம்பெனிகள் இரண்டாகப் பிரிந்தன. பிரிட்டனின் லஷ், 2018-க்குள் இயற்கை மைக்காவையே தலைமுழுகிவிட்டது. உலையில் உருக்கிச் செய்யும் செயற்கை மைக்கா போதும் என்றது. வேறு பல கம்பெனிகள் 2017-ல் பாரிஸில் ஓர் அமைப்பு தொடங்கி, 'அங்கேயே வாங்குவோம், குழந்தைகளை வெளியே கொண்டுவருவோம்' என்றன. முதல் வழியில் நம் மனசாட்சி சுத்தம், கொடர்மாக்காரன் அடுப்பு அணையும். இரண்டாவது வழியில் அடுப்பு எரியும், கண்காணிப்பது யார் என்கிற கேள்வி நிற்கும். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது, சந்தேகத்தோடு.

கடையில் டப்பாவைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 'மைக்கா' என்றோ 'சி.ஐ. 77019' என்றோ இருந்தால் அது மண்ணிலிருந்து வந்தது. 'சிந்தெடிக் ஃப்ளூரோஃப்ளோகோபைட்' என்றால் உலையிலிருந்து. '77491' என்றிருந்தால் பயப்பட வேண்டாம், அது வெறும் துரு.