கணப்புச் சட்டியும் மூடிய கதவும்: வெப்ப நாடுகளின் குளிர்கால வரலாறு

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அகழ்ப் போரின் இறுதி இரவு. மதீனாவைச் சூழ்ந்து நின்ற படைகளைக் கடுங்காற்றும் குளிரும் அலைக்கழித்துக்கொண்டிருந்தன. எதிரிகளின் நிலையை அறிந்து வருவோர் யார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டும் எவரும் எழவில்லை, அத்துணைக் குளிர். இறுதியில் ஹுதைஃபா (ரலி) அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து அனுப்பினார்கள். அவர் சென்று பார்த்தபோது அபூசுஃப்யான் நெருப்புக்கு முதுகைக் காட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். போய் வரும் வழியெல்லாம் வெந்நீர்க் குளியலறைக்குள் நடப்பது போலிருந்தது என்றும், பணி முடிந்ததும் குளிர் தம்மைப் பற்றிக்கொண்டது என்றும் ஹுதைஃபா (ரலி) அறிவித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அப்போது நபி (ஸல்) அவர்கள் தாம் போர்த்தித் தொழுதுகொண்டிருந்த போர்வையின் மீதப் பகுதியை அவர்மேல் போர்த்தினார்கள். அவர் விடியும் வரை உறங்கினார்.

அரபு நாடு என்றவுடன் நம் மக்களின் மனத்தில் எழுவது சுடுமணல்தான். வளைகுடாவில் மகனோ கணவரோ இருக்கும் வீட்டார்கூட அங்குக் குளிர்காலம் உண்டு என்பதைப் பல வேளை மறந்துவிடுகின்றனர். மதீனாவும் ரியாதும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் உள்ளவை. காற்றில் ஈரமில்லை, வானில் மேகமில்லை. பகலில் நிலம் வாங்கிய வெப்பம் இரவில் தடையின்றி மேலே சென்றுவிடுகிறது. கோடையில் 45 பாகையைத் தாண்டிக் கொதிக்கும் பக்தாதில் ஜனவரி இரவுகள் 4 பாகை அளவுக்குத் தணியும். 2008 ஜனவரியிலும் 2020 பிப்ரவரியிலும் அந்நகரில் பனியே பெய்தது.

இத்தகைய நாடுகளின் இடர்ப்பாடு தனிவகையானது. அங்கு வீடு வெயிலை எதிர்த்துக் கட்டப்படுகிறது. வானம் பார்த்த முற்றம், உயர்ந்த கூரை, கல் பாவிய தரை, வெயில் படாத வடக்கு நோக்கிய திண்ணைக்கூடம் ஆகிய யாவும் கோடைக்கு அருமருந்து. அதே வீட்டில் குளிர்காலத்தில் உட்கார்ந்தால் எலும்பு நடுங்கும். இரண்டு மூன்று மாதக் குளிருக்காகப் புகைபோக்கியும் சுவரடுப்பும் கட்டுவது எளியவர்க்குக் கட்டுப்படியாகாது. எனவே அம்மக்கள் வேறொரு வழியைத் தேர்ந்தனர்: வீட்டைச் சூடேற்றுவதை விட்டு, மனிதனைச் சூடேற்றினர். வெப்ப நாட்டில் சிக்கனம் என்பது இதுதான் என்பது எம் கருத்து. அதன் விலையும் இதற்குள்ளேயே ஒளிந்திருந்தது.

முதற்பொருள் கம்பளி. கால்நடைகளில் உங்களுக்குக் கதகதப்பு உண்டு என்பதை அந்நஹ்ல் அத்தியாயம் தொடக்கத்திலேயே அருட்கொடையாக எண்ணிக் காட்டுகிறது. கம்பளி, ரோமம், முடி ஆகியவற்றை அதே அத்தியாயம் பின்னர்த் தனித்தனியே குறிப்பிடுகிறது. அடுத்தது சிறிய அறை. நபி (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த அறைகளின் கூரையைத் தம் கையால் தொட முடிந்தது என்று ஹஸன் அல்பஸரீ (ரஹ்) கூறியதை இமாம் புகாரீயின் அல்அதபுல் முஃப்ரத் பதிவு செய்கிறது. அவ்வறைகளின் எளிமைக்குச் சான்றாகவே நாம் அச்செய்தியை ஓதிவருகிறோம். தாழ்ந்த கூரையுள்ள சிற்றறை சிறிது வெப்பத்திலேயே நிறைந்துவிடும் என்பதையும் அதிலிருந்து காணலாம்.

மூன்றாவது, இடம் பெயர்தல். திமிஷ்கிலும் பக்தாதிலும் முற்றமுள்ள வீடுகளில் வாழ்ந்தோர் ஒரே வீட்டுக்குள் பருவந்தோறும் குடிபெயர்ந்தனர். கோடைப் பகலில் குளிர்ந்த கீழ்த்தளம், கோடை இரவில் மொட்டை மாடி, குளிர்காலத்தில் வெயில் விழும் மேலறை. இதற்குச் செலவே இல்லை; பாயையும் மெத்தையையும் தூக்கிச் செல்லும் உழைப்பு மட்டுமே.

இவற்றுக்கும் அடங்காத குளிருக்குத்தான் நெருப்பு. மூஸா (அலை) அவர்கள் தம் குடும்பத்தாருடன் வந்த இரவில் தொலைவில் நெருப்பைக் கண்டு, நீங்கள் குளிர்காய ஒரு கொள்ளி கொண்டு வருகிறேன் என்ற பொருள்படக் கூறியதைக் குர்ஆன் எடுத்துரைக்கிறது. (குளிர்காய்தல் என்னும் நல்ல தமிழ்ச்சொல், பிறர் வீட்டுத் தீயில் ஆதாயம் தேடுவதைக் குறிக்கும் அளவுக்கு இன்று இழிந்துபோனது வருந்தத்தக்கது.) இராக்கிலும் ஷாமிலும் டிசம்பர் மாதத்துக்கு இன்றும் கானூனுல் அவ்வல் என்றும், ஜனவரிக்குக் கானூனுஸ் ஸானீ என்றும் பெயர். அரபியில் கானூன் என்றால் கணப்பு, அடுப்பு. கரியைத் தணலாக்கிச் செம்பிலோ களிமண்ணிலோ செய்த சட்டியில் இட்டு நடுவில் வைப்பர். குடும்பம் சுற்றி அமரும். 1836இல் வெளிவந்த தம் நூலில் கெய்ரோ வாழ்க்கையை விரிவாக எழுதிய எட்வர்ட் லேன் என்னும் ஆங்கிலேயர், அந்நகர வீடுகள் கரிச்சட்டியால்தான் குளிரைப் போக்கின என்கிறார். ஈரானியர் இதையே இன்னும் சிக்கனமாக்கினர். குட்டை மேசைக்கு அடியில் தணல். மேசைமேல் பெரும் போர்வை. அப்போர்வைக்குள் எல்லோருடைய கால்களும். அதற்குக் குர்ஸி என்று பெயர். ஸ்பெயினின் தென்பகுதியிலும் இதே முறை அண்மைக்காலம் வரை இருந்தது.

வீட்டில் கரிக்கும் வழியில்லாதவர் ஹம்மாமுக்குச் சென்றனர். 1184இல் திமிஷ்குக்கு வந்த இப்னு ஜுபைர், அந்நகரிலும் சுற்றுப்புறத்திலும் நூறு அளவுக்கு ஹம்மாம்கள் இருந்ததாக எழுதுகிறார். ஓர் உலை பல நூறு பேரைச் சூடாக்கியது. அதற்கு விறகு கூடத் தேவையில்லை, வைக்கோலும் சாணமும் நகரக் குப்பையும் போதும். கெய்ரோவில் அந்தச் சாம்பலும் வீணாகவில்லை: அவரைப் பானைகளைக் கழுத்தளவு அதில் புதைத்து இரவு முழுதும் வேகவைத்தனர். காலையில் எளியோரின் பசியாற்றிய ஃபூல் முதம்மஸ் அதுவே. ஒரே எரிபொருளில் குளியல், கதகதப்பு, உணவு ஆகிய மூன்றையும் பெற்ற இந்த ஏற்பாட்டை எம் மாணவர்க்குச் சொல்லும்போது நாமே வியக்கிறோம்.

இனி, ஒளிந்திருந்த விலை. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தோரோடு எரிந்துபோயிற்று. செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், நெருப்பு உங்களுக்குப் பகை என்றும், உறங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்றும் அறிவுறுத்தினார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) வழியாகப் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இது வந்துள்ளது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) இதை விளக்கும்போது, தொங்கவிடப்பட்ட விளக்கால் ஆபத்தில்லை எனில் தடையில்லை என்கிறார். ஏனெனில் கட்டளைக்குரிய காரணம் அங்கு இல்லை. காரணம் உள்ள இடத்தில் சட்டமும் உண்டு என்பதே ஃபிக்ஹின் நெறி.

கரித் தணலில் அக்காரணம் இரட்டிப்பாக உள்ளது. தீப்பிடிப்பது ஒன்று, மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. புகை அடங்கிச் சிவந்து கிடக்கும் தணலைத்தான் மக்கள் பாதுகாப்பானது என்று எண்ணி அறைக்குள் கொண்டு வருகின்றனர். ஆனால் அதிலிருந்தே நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வெளிப்படுகிறது. அது இரத்தத்தில் உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்ளும், உறங்குபவர் விழிப்பதில்லை. கி.பி. 364இல் பாரசீகப் போரிலிருந்து திரும்பும் வழியில், புதிதாகச் சுண்ணம் பூசிய அறையில் உறங்கிய உரோமப் பேரரசர் ஜோவியன் காலையில் பிணமாகக் கிடந்தார். அவ்விறப்புக்குப் பழைய வரலாற்றாசிரியர் சொன்ன காரணங்களுள் கரிப்புகையும் ஒன்று.

பின்னர் மண்ணெண்ணெய் வந்தது. 1927இல் கிர்கூக் அருகே பாபா குர்குரில் எண்ணெய் பீறிட்டபின் இராக்கின் குளிர்காலமே மாறியது. இங்கிலாந்திலிருந்து வந்த அலாவுதீன் என்னும் நீலச் சுடர் அடுப்பு இராக்கிலும் ஜோர்தானிலும் வீட்டுக்கு வீடு இடம்பிடித்தது. அரபுக் கதையின் விளக்குக்காரன் பெயர் அந்நிய நாட்டு இரும்பில் பொறிக்கப்பட்டு அரபு வீட்டுக்கே திரும்பி வந்தது ஒரு வேடிக்கை. அதன் தலையில் தேநீர்க் குவளை எப்போதும் இருக்கும். புகைபோக்கி இல்லாத அடுப்பு அது. சன்னலைச் சிறிது திறந்து வைப்பதே அதன் நிபந்தனை. ஷாம் நாட்டு வீடுகளில் டீசல் எரித்துப் புகைக்குழாய் வழியாக வெளியேற்றும் ஸோபா பரவியது. போருக்குப்பின் டீசல் எட்டாக்கனியானபோது, இத்லிபில் பிஸ்தா ஓடுகளையும் ஒலிவப் பிண்ணாக்கையும் எரிக்கும் அடுப்புகள் வந்தன. கூடாரத்தில் வாழ்வோருக்கு அதுவும் கிட்டாதபோது பழந்துணியும் நெகிழியும் எரிபொருளாயின. ஸதகா அனுப்பும் நம் குடும்பங்கள் போர்வையோடு எரிபொருளையும் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

வளைகுடாவில் இன்றும் கரியின் மவுசு குறையவில்லை. நெடுநேரம் தணல் நிற்கும் கழா மரத்தை வெட்டி வெட்டிக் காடுகள் மெலிந்ததால், சவூதி அரசு உள்நாட்டு விறகு விற்பனையையே தடை செய்துள்ளது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் மூடிய அறையில் கரி எரிக்க வேண்டாம் என்று அங்குள்ள குடிமைப் பாதுகாப்புத் துறையினர் எச்சரிக்கின்றனர். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஓட்டுநர் அறைகளிலும் ஆடு மேய்ப்போர் கூடாரங்களிலும் உயிர்கள் போகின்றன. அவர்களுள் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர். ஹீட்டருக்குச் செலவிடத் தயங்கி, சமையல் முடிந்த தணலை அறைக்குள் வைத்துக்கொண்டோர்.

எம்மிடம் ஓதும் பிள்ளைகளின் தந்தையர் பலர் அங்குதான் இருக்கின்றனர். வெப்பமும் தரும் ஏசி அறையில் இருந்தால் அதுவே மலிவு. வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தருவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். கம்பிச்சுருள் ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான். 2000 வாட் ஹீட்டர் ஒரு மணிநேரத்தில் 2 யூனிட் தின்னும். ஆகவே உறங்கும் முன் அரைமணி நேரம் அறையைச் சூடாக்கிவிட்டு, அணைத்து, கனத்த கம்பளிக்குள் புகுந்துகொள்வதே கைக்கு அடங்கியது. கரிதான் உண்டு என்றால் அது கதவுக்கு வெளியே, வானத்தின் கீழ் இருக்கட்டும். கைகால்களைக் காய்த்துக்கொண்டு உள்ளே வந்து படுக்கலாம். அடுத்த முறை அலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டீர்களா என்று கேட்டபின், இரவில் அறையில் எதைக் கொளுத்துகிறீர்கள் என்றும் வீட்டார் கேட்கட்டும்.