பழவேற்காட்டு வலையும் கரியணுச் சங்கிலியும்

சென்னைக்கு வடக்கே, ஆரணியாறு வந்து கலக்கும் உப்பேரியின் கரையில் அமைந்த பழவேற்காட்டின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், டச்சுக்காரர் 1613-இல் கட்டிய கெல்டிரியாக் கோட்டையையும், 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக அது விளங்கியதையும், கிழக்கிந்தியத் தீவுகளின் வாசனைத் திரவியங்களுக்கு ஈடாக இங்கிருந்து கப்பலேறிய பருத்தித் துணிகளையும் விஸ்தரித்துவிட்டு அவ்வளவில் நிறுத்திக்கொள்வது வழக்கம். கோட்டை இடிந்து மேடாயிற்று. துணி வாணிகமும் ஒழிந்தது. பருத்தி நூலை வலையாக முடிந்து இறாலும் மடவையும் பிடித்த குப்பத்து மீனவரின் தொழிலோ இன்றும் நடக்கிறது. அத்தொழிலில் நேர்ந்த மாபெரும் மாறுதல் ஓர் இழையின் இரசாயன அமைப்பில் அடங்கியிருப்பதால், அதையும் இவ்வூர்ச் சரித்திரத்தின் ஓர் அத்தியாயமாகவே நான் கருதுகிறேன்.

பருத்தி இழை என்பது சர்க்கரை மூலக்கூறுகள் ஆக்ஸிஜன் அணுக்களால் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட சங்கிலி. அதன் பக்கங்களிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் ஜலத்தை ஈர்ப்பதால், வலை நனைந்து கனக்கும். நனைந்த இழையில் குடியேறும் நுண்ணுயிர்கள் அந்த ஆக்ஸிஜன் இணைப்புகளை அறுத்து இழையையே ஆகாரமாக்கிக்கொள்ளும். ஆகையால், ஒவ்வொரு முறையும் வலையை மணலில் விரித்து உலர்த்துவதும், பனிச்சங்காய்ச் சாற்றின் துவர் ஏற்றுவதும் நம் கடற்கரைகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வேலைகள். ஏரியின் மீன்பிடி இடங்களைக் குப்பத்தார் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் 'பாடு' என்னும் ஏற்பாட்டில், தம் முறை வரும் நாளில் வலை இற்றுப்போயிருந்தால் அந்த நாளின் வருமானமே போயிற்று.

இந்நிலையை மாற்றவிருந்த பொருள் தோன்றியது வேறிடத்தில்: 1933 மார்ச் 27-ஆம் தேதி, இங்கிலாந்தில் வின்னிங்டன் என்னும் ஊரின் இரசாயனச் சாலையில், கிப்ஸன், ஃபாசெட் என்னும் இருவர் எத்திலீன் வாயுவை ஆயிரம் வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் சூடாக்கியபோது, கலத்தில் மெழுகு போன்ற வெண்பொருள் சிறிது படிந்திருக்கக் கண்டனர். எத்திலீனில் இரண்டு கரியணுக்களும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களுமே உண்டு. ஆறும் ஒரே தளத்தில் அமைந்தவை. கரியணுக்கள் இரண்டும் இரட்டைப் பந்தத்தால் பிணைந்திருக்கின்றன. இரு கைகளையும் கோத்து நிற்போர் ஒரு கையை விட்டு அடுத்தவரைப் பற்றுவது போல, அப்பந்தங்களில் ஒன்று திறந்து அண்டை மூலக்கூறைப் பற்ற, அது அடுத்ததைப் பற்ற, ஆயிரக்கணக்கான கரியணுக்கள் வளைந்து வளைந்து செல்லும் பாலிஎத்திலீன் என்னும் நெடுஞ்சங்கிலியாக நீண்டுவிடுகின்றன. ஒவ்வொரு கரியணுவும் இப்போது நாற்புறமும் ஒற்றைப் பந்தங்களோடு நான்முகி வடிவில் நிற்கிறது. 1953-இல் ஜெர்மானியரான கார்ல் சீக்லர் சாதாரண அழுத்தத்திலேயே கிளைகளற்ற சங்கிலிகளை உண்டாக்கும் வழியைக் கண்டார். கிளையில்லாச் சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக்கொள்ளும். அந்த நெருக்கமே கயிற்றின் பலம்.

1960-களுக்குப் பின் நைலானும், அதையொட்டி இந்தப் பாலிஎத்திலீனும் நம் மீனவர் கைக்கு வந்தன. நைலானில் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கலந்துள்ளன. பாலிஎத்திலீன் கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே ஆன சுத்த ஹைட்ரோகார்பன். ஆதலால் அது ஜலத்தை ஏற்பதில்லை, மிதக்கிறது, எளிதில் மக்குவதுமில்லை. வெட்டிய கயிற்று முனை பிரியாதிருக்க அதைத் தீக்குச்சியில் காட்டி விரலால் உருட்டி அடைக்கும்போது எழும் மணம் மெழுகுவர்த்தியின் மணமே. மெழுகும் இதே சங்கிலியின் குறுகிய வடிவம், ஏறக்குறைய 20 முதல் 40 கரியணுக்கள் கொண்டது. பற்றிக்கொள்ளும் தொகுதிகள் ஏதுமின்றி வழவழப்பாயிருப்பதால் இக்கயிற்றில் பழைய முடிச்சு நழுவும். இன்னொரு சுற்றுப் போட்டு இறுக்க வேண்டும். இழை மக்காததால் துவர் ஏற்றும் கலை வழக்கொழிந்தது. வெயிலில் கிடந்து உடல் நோகும் உழைப்பும் அத்துடன் குறைந்ததைப் பெரும் நன்மையென்றே சொல்வேன்.

ஆயினும் அறுந்து ஏரியில் விழுந்த பருத்தி வலை சில மாதங்களில் மக்கிச் சேற்றோடு சேர்ந்துவிடும். பாலிஎத்திலீன் வலை அவ்வாறு போவதில்லை. கரைமணலில் கிடந்தால் சூரியனின் புறஊதாக் கதிர்கள் பந்தங்களைத் தாக்கி, ஆக்ஸிஜன் புக வழிசெய்து, இழையைத் துண்டு துண்டாக நொறுக்கும். வெயில் எட்டாத சேற்றடியில் அதுவும் நேர்வதற்கில்லை. அங்கே அந்த வலை, உடையவனில்லாமலே, நண்டையும் மீனையும் சிக்கவைத்துக்கொண்டிருக்கும். அறுந்த வலையைத் தேடி எடுத்துக் கரைசேர்க்கும் வேலைக்கு, மீன் பிடிக்கும் வேலைக்கு உள்ளது போன்றே குப்பத்தில் ஒரு முறையும் கூலியும் ஏற்பட வேண்டும்.