ஹோலியும் ஒரு பிறைப் பணியாரமும்

மாசிக் குளிர் விடைபெறும் நாட்களில் தில்லிக் குடியிருப்புகளின் மாடிப்படிகளில் ஒரு மணம் எழும். முதலில் பால் சுண்டும் மணம். அடுத்து நெய்யில் மாவு வேகும் மணம். நாட்காட்டியைப் புரட்டாமலே ஹோலி நெருங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். வட இந்திய இல்லங்கள் பலவற்றில் அப்பண்டிகைக்கு முந்திய சில நாட்கள் குஜியா செய்யும் நாட்கள். கோதுமை மாவில் மெல்லிய அப்பளமாக இட்டு, சுண்டிய பாலையும் சர்க்கரையையும் பருப்பு வகைகளையும் உள்ளே வைத்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தைப் பின்னி, நெய்யில் பொரித்தெடுக்கும் பணியாரம் அது.

நான் அரசுப் பணியின் பொருட்டுத் தலைநகருக்கு வந்த முதலாண்டில், ஹோலிக்கு முதல் நாள் மாலை அடுத்த வீட்டு மூதாட்டியார் ஒரு தட்டைத் துணியால் மூடி எடுத்து வந்தார். தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது முறையன்று. ஆயினும் வடக்கே புதியவர்களாகிய எங்களிடம் அன்று தகுந்த பண்டம் ஏதுமில்லை. அந்தக் கடன் தீபாவளி வரையில் நின்றது. தீபாவளியன்று என் மனைவி அதே தட்டில் சோமாசி அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூதாட்டியார் ஒன்றை எடுத்துப் பார்த்து, "மகளே, இது எங்கள் குஜியா அல்லவா?" என்றார். "இல்லை மாதாஜி, இது எங்கள் சோமாசி" என்றாள் என் மனைவி. இருவரும் சிரித்தனர், எனினும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு மொழிச் சொல்லை மற்றொரு மொழிக்குக் கொண்டு சேர்ப்பதையே தொழிலாகக் கொண்ட என்னால் அந்த வழக்கைத் தீர்த்து வைக்க இயலவில்லை. இப்பண்டம் யாருடையது? அக்கேள்வியின் விடையைத் தேடிச் சென்றதன் பயனே இப்பேச்சு.

பண்டிகையின் தொன்மையில் ஐயமில்லை. 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹர்ஷரின் 'ரத்னாவளி' நாடகம் கௌசாம்பி நகரின் வசந்த விழாவோடு தொடங்குகிறது. நகர மாந்தர் நறுமணப் பொடியைத் தூவுகின்றனர். நீர் பீச்சும் குழல்களால் ஒருவரையொருவர் நனைக்கின்றனர். மன்னன் உதயணன் மாளிகையின் மேல் நின்று அதைக் கண்டு களிக்கிறான். இன்றைய தில்லித் தெருவில் நிற்பவனுக்கு அக்காட்சியில் புதுமை ஒன்றும் தோன்றாது.

ஆனால் ஹோலி வண்ணப் பண்டிகை மட்டுமன்று. அது விளைச்சலின் பண்டிகையுமாகும். பங்குனிக்குரிய பௌர்ணமி இரவில் மூட்டும் நெருப்பில், புதிதாகக் கதிர் முற்றிய கோதுமையையும் வாற்கோதுமையையும் பச்சைக் கொண்டைக்கடலைச் செடியையும் வாட்டி உண்பது வடநாட்டுச் சிற்றூர்களின் வழக்கம். அவ்வாறு பாதி வெந்த தானியத்திற்கு வடமொழியில் 'ஹோலகம்' என்று பெயர். கங்கைச் சமவெளியில் அப்போது கோதுமை அறுவடைக்குக் காத்திருக்கும். கரும்பாலைகளில் அரைவை முடியாதிருக்கும். கோடையின் வறட்சி தொடங்காமையால் பாலுக்குக் குறைவிராது. மாவு, சர்க்கரை, பால் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடும் பருவத்தில் இப்பணியாரம் பண்டிகைக்கு உரியதாக அமைந்தது இயல்பே.

இனி, பண்டத்தின் குலமுறையைக் காண்போம். நெய்யோடு கூடிய 'அபூபம்' என்னும் பணியாரத்தை ரிக் வேதமே குறிப்பிடுகிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் கரும்பிலிருந்து கிடைக்கும் இனிப்புகளைப் பாகு, வெல்லம், கற்கண்டு, சர்க்கரை எனப் பலவாறு வகைப்படுத்துகிறது. 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய 'மானசோல்லாசம்' அரண்மனை உணவுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கி, கோதுமை மாவு, பால், நெய், சர்க்கரை கொண்டு ஆக்கும் பண்டங்கள் பலவற்றை விவரிக்கிறது. ஆகவே மாவைப் பிசைந்து நெய்யிலிட்டு இனிப்புச் சேர்க்கும் கலை இம்மண்ணில் மிகப் பழையது.

மற்றொரு நீரோட்டம் மேற்கிலிருந்து வந்தது. மாவுத் தகட்டினுள் பூரணம் வைத்து மூடிப் பொரிக்கும் 'சம்பூசா' பாரசீக, அரபு நாடுகளில் பெயர் பெற்ற உணவு. 14-ஆம் நூற்றாண்டில் தில்லிக்கு வந்த பயணி இபின் பதூதா, சுல்தான் முகமது பின் துக்ளக்கின் விருந்தில் கொத்திய இறைச்சியோடு பாதாம், பிஸ்தா முதலிய பருப்புகள் சேர்த்து நெய்யில் பொரித்த சம்பூசாக்கள் பரிமாறப்பட்டதை எழுதி வைத்துள்ளார். மாளவத்து மாண்டு நகரில் 1500-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட 'நிமத்நாமா' என்னும் சமையல் நூலும் அதன் வகைகள் பலவற்றைக் கூறுகிறது. அக்பர் காலத்து 'அயினி அக்பரி'யிலும் அது இடம்பெறுகிறது.

குஜியா இவ்விரண்டு ஓடைகளில் எதன் குழந்தை? 'சோமாசி' என்ற நம் சொல் 'சமோசா'வை ஒலியால் நினைவூட்டுகிறது. ஆயினும் ஒலி ஒற்றுமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. 'குஜியா' என்பதோ, மறைந்தது என்று பொருள்படும் 'குஹ்ய' என்னும் வடசொல்லின் வழி வந்ததென்பர். மராட்டியர் இதே வடிவப் பண்டத்தைக் 'கரஞ்சி' என்கின்றனர். அரைப்பிறை போன்ற புங்கங்காயின் பெயரால் அமைந்தது என்பது அதற்குக் கூறும் விளக்கம். குஜராத்தில் அது 'கூக்ரா', கோவாவில் 'நேவ்ரி', பீகாரில் 'பெடகியா', ஆந்திரத்தில் 'கஜ்ஜிகாய', கன்னட நாட்டில் 'கர்ஜிகாயி'. வடிவம் ஒன்று, பூரணமும் பண்டிகையும் வேறு. மராட்டியரும் நாமும் தீபாவளிக்குச் செய்வதை விரஜபூமியும் அவத்தும் தில்லியும் ஹோலிக்குச் செய்கின்றன. நம் சோமாசியில் பொட்டுக்கடலை மாவு முதலிடம் பெறும். குஜியாவில் அவ்விடம் கோவாவுக்கு உரியது.

அந்தப் பூரணத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு நாட்டுப்படமே விரியும். கோவா அண்டை வீட்டு எருமையின் பால். சர்க்கரை மேற்கு உத்தரப் பிரதேசத்துக் கரும்பு. சாரைப்பருப்பு மத்திய இந்தியக் காடுகளில் பழங்குடி மக்கள் பொறுக்கிச் சேர்ப்பது. உலர்ந்த திராட்சை நெடுங்காலம் ஆப்கானிய வணிகரின் மூட்டைகளில் வந்தது. ஏலம் மேற்குத் தொடர்ச்சி மலையினது. துருவிய கொப்பரையோ தென்கரைத் தென்னையின் கொடை! தென்னை வளராத ஊரில், அதன் பண்டிகைப் பணியாரத்திற்குள் தென்னாடு வெகுகாலமாகக் குடியிருக்கிறது.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஒரு லிட்டர் எருமைப்பாலை அடிபிடிக்காமல் கிளறிச் சுண்டவைத்தால் ஏறத்தாழ 200 கிராம் கோவா கிடைக்கும். அதைப் பொன்னிறமாக வறுத்து, நன்கு ஆறிய பின்னரே பொடித்த சர்க்கரையைச் சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் சர்க்கரை இளகி, பூரணம் நீர்த்து, எண்ணெயில் பணியாரம் வெடிக்கும். மைதாவில் உருக்கிய நெய்யைப் பிசிறி, கைப்பிடியில் பிடித்தால் பிடி நிற்கும் பதம் பார்த்து, கெட்டியாகப் பிசைந்து ஈரத்துணியால் மூடி வைப்பர். ஓரத்தைப் பால் தொட்டு ஒட்டி, விரல்நுனியால் சிறிது சிறிதாக மடித்துப் பின்னுவதற்கு 'கோண்ட்னா' என்று தனிச் சொல்லே உண்டு. இளந்தீயில் பொரித்தால் ஒரு வாரம் கெடாது. வருவோர்க்கெல்லாம் வழங்கவும் அண்டை வீடுகளுக்கு அனுப்பவும் வேண்டிய பண்டத்திற்கு அந்தத் தாங்கும் தன்மை இன்றியமையாதது.

ஒருவர் தனியே அமர்ந்து நூறு குஜியா பின்னுவது கடினம். எனவே மாடிப்படியின் எல்லா வீட்டுப் பெண்டிரும் ஒரு வீட்டில் கூடுவர். மறுநாள் அடுத்த வீட்டில். ஒருவர் இட, ஒருவர் நிரப்ப, ஒருவர் பின்ன, ஒருவர் பொரிப்பார். பண்டம் பிறப்பதற்கு முன்பே அண்டையயல் உறவு பிறந்துவிடும். இப்போது மிட்டாய்க் கடைகள் அட்டைப்பெட்டியில் குஜியாவை அடுக்கித் தருகின்றன. வேலைக்குச் செல்லும் மகளிர்க்கு அது பெருந்துணை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பண்டிகைதோறும் கலப்படக் கோவாவைப் பற்றிய செய்தியும் உடன் வருகிறது. கூடி அமர்ந்த அந்தப் பிற்பகல்களோ எந்தப் பெட்டியிலும் வருவதில்லை.

எங்கள் மூதாட்டியாருக்கு இப்போது விரல்கள் நடுங்குகின்றன, பின்னல் கைகூடவில்லை. சென்ற ஹோலிக்கு அவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, என் மகள் தரையில் அமர்ந்து பின்னினாள். சோமாசி செய்து தன் தாயிடம் பழகிய கை. முதல் ஐந்தைப் பிரித்துவிட்டு மீண்டும் பின்னச் சொன்னார்; ஆறாவதை ஏற்றுக்கொண்டார். அது யாருடைய பண்டம் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

இந்த வழக்கு புதியதுமன்று. மீமாம்சை நூலுக்கு உரை கண்ட சபரர் இதையொத்த வினாவை எழுப்புகிறார். ஹோலாகம் கீழ்நாட்டார் கொண்டாடுவது. தென்னாட்டார்க்கும் வடநாட்டார்க்கும் வேறு வேறு வழக்கங்கள் உள. அவை அவ்வந்நாட்டார்க்கே உரியனவா, எல்லார்க்கும் பொதுவா? எல்லார்க்கும் பொது என்பதே அங்கே பெறும் முடிவு. சடங்கைப் பற்றி அறிஞர் கண்ட அம்முடிவைப் பணியாரத்திற்கும் கொள்ளலாமென நினைக்கிறேன். முன்பெல்லாம் 'குஜியா' என்ற சொல் வந்தால் 'சோமாசி' என்று பெயர்த்துவிடுவேன். இப்போது குஜியா என்றே எழுதுகிறேன். உறவினர் இருவர் என்பதற்காக ஒருவர் பெயரால் மற்றவரை அழைப்பது மரியாதையன்று. தட்டு மட்டும் இன்றும் இரு வீட்டிற்கும் இடையே போய்வந்து கொண்டிருக்கிறது. ஒருமுறையேனும் வெறுமையாகத் திரும்பியதில்லை.