அரைச்சதுர முக்கோணமும் உருளும் கத்தியும்



ஒட்டுத்துணிப் போர்வை தைப்போர் இரு நிற முக்கோணங்களை இணைத்து ஒரு சதுரமாக்குவர். இதுவே அரைச்சதுர முக்கோணம். முற்காலத்தில் அமெரிக்கப் பெண்கள் பெரும்பாலும் அட்டை அச்சை வைத்துத் தையற்கோட்டை வரைந்தனர். ஓரத்தைக் கண்ணளவில் விட்டுக் கத்தரித்தனர். 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் உருளும் வட்டக் கத்தியை வெளியிட்டது. 1956இல் முனை ஒடிக்கும் கத்தியை உருவாக்கியவரும் அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவரே. புதிய கத்தி விரைவாக வெட்டியது. ஆயினும் தையல் ஓரத்தையும் சேர்த்த அளவு முன்கூட்டியே தேவைப்பட்டது.

அவ்வளவு, முடிவளவுடன் 7/8 அங்குலம். ஏன் 7/8? இருபுறக் கால் அங்குலங்கள் 0.5, மூலைவிட்டத் தையலுக்குக் கால் அங்குலத்தின் √2 மடங்கு, ஏறத்தாழ 0.354. கூட்டினால் 0.854. அளவுகோலில் அதற்கு அண்மைக் கோடு 0.875, அதாவது 7/8.

சாய்வாக வெட்டிய துணியோ இழுபடும். ஆகவே பலர் முழு அங்குலம் கூட்டி வெட்டுகின்றனர்; தைத்தபின், அளவுகோலின் 45 பாகைக் கோட்டைத் தையல்மீது பொருத்தி, மிகுதியை நறுக்குகின்றனர். துண்டுக்கு 1/16 அங்குலம் பிழைத்தாலும் 16 துண்டு வரிசையில் ஓர் அங்குலம் பிசகும். (பின்னம் எதற்கு எனக் கேட்கும் ஆறாம் ஆண்டு மாணவரிடம் கத்தியை அன்று, அளவுகோலையும் வண்ணத்தாளையும் மட்டும் கொடுங்கள்!)