குமிழி விடும் தொட்டி

வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறீர்களா? 'ஒரு ஹாட் டப் வெச்சா வாடகையை ஏத்தலாமே சார்' என்று யாராவது ஓதியிருப்பார்கள். கால்குலேட்டரை எடுக்கும் முன் நெதர்லாந்து வரை போய் வருவோம்.

1999 பிப்ரவரி. போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் மலர்க் கண்காட்சி. பூக்களோடு இன்னும் பல ஸ்டால்கள். ஓரிடத்தில் ஹாட் டப் ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. குளிக்க அல்ல, பார்த்து வாங்க. வேடிக்கை பார்த்தபடி அந்தப் பக்கம் நடந்தவர்கள் செய்த ஒரே தப்பு, மூச்சு விட்டது. சுமார் 200 பேர் படுக்கையில் விழுந்தார்கள். 32 பேர் எழவேயில்லை.

காரணம், லெஜியோனெல்லா. 1976-ல் பிலடெல்ஃபியா ஓட்டல் ஒன்றில் கூடிய 'அமெரிக்கன் லீஜன்' முன்னாள் படைவீரர்களைத் தாக்கியதால் வந்த பெயர். இந்த பாக்டீரியாவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் மாமனார் வீட்டு விருந்து மாதிரி! குளோரின் கொல்லும், ஆனால் சூட்டில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடும். குமிழி வெடிக்க, நுண்துளிகள் நேராக நுரையீரலுக்கு.

இத்தனைக்கும் கலிஃபோர்னியாவின் பம்ப் தயாரிப்பாளர் கேண்டிடோ ஜக்குஸி, மூட்டுவாதத்தால் துடித்த தன் மகனுக்காகத்தான் குளியல் தொட்டியில் பம்ப்பை இறக்கினார். மருந்தாக வந்த சமாசாரம்!

காமர்ஸ் பாஷையில் சொன்னால், தொட்டி மூலதனச் செலவு. தினமும் குளோரினைச் சோதித்து, வடிகட்டியைக் கழுவி, குழாய்க்குள் படியும் வழவழப்பைச் சுரண்ட ஓர் ஆள், அது நடப்புச் செலவு. விருந்தினர் வராத வாரத்திலும் அவருக்குச் சம்பளம் உண்டு. தேங்கிய தண்ணீர்தான் அதிக ஆபத்து. அதையும் கழித்து லாபம் நின்றால் வாங்குங்கள். இல்லையா, ஒவ்வொருவரும் புதுத் தண்ணீர் பிடித்துக் குளித்துவிட்டு வடித்துவிடும் சாதாரண பாத்டப் போதும்.