ராஸி கண்ட ரோஜாத் தும்மலும் பித்தப்பை வலியும்

திருச்சிக்கும் பெரம்பலூருக்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் பாடாலூர். சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் வட்டாரம். அங்கே ஒரு ஜும்ஆவுக்குப் பின் விவசாயி ஒருவர் நம்மை அணுகினார். ஆண்டுதோறும் சில மாதங்கள் அடுக்குத் தும்மலாலும் மூக்கொழுகலாலும் வருந்துபவர் அவர். அண்மைக்காலமாக விருந்துண்ட இரவுகளில் வலது விலாவின் கீழ்ப் பொறுக்கவொண்ணா வலியும் சேர்ந்துகொண்டதாம். "இரண்டும் பித்தந்தான் என்கிறார்கள் ஹஜ்ரத். பழைய கிதாபுகளிலும் அப்படித்தானே இருக்கிறது?" என்று வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

தும்மலைக் கூர்ந்து நோக்கும் மரபு நம்மிடம் தொன்மையானது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் ஒருவர் தும்மியபோது அவருக்காக இறையருள் வேண்டினார்கள். அவர் மீண்டும் தும்மியபோது, அவருக்கு ஜலதோஷம் என்று குறிப்பிட்டார்கள். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. இயல்பான தும்மல் வேறு, நோயின் தும்மல் வேறு என்பது இதனால் விளங்கும்.

பின்னர் அப்பாஸியர் காலத்தில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் முதலானோர் ஜாலீனூஸின் கிரேக்க நூல்களை அரபியில் பெயர்த்தனர். தம், பல்கம், ஸஃப்ரா, ஸவ்தா எனும் நால்வகை உடல்நீர்க் கொள்கை அவற்றின் வழியே வேரூன்றிற்று. தமிழகச் சித்த மருத்துவமும் வளி, அழல், ஐயம் என மூன்றைக் கொண்டு உடலை விளக்கியது. ஆகவே எல்லா நோயையும் பித்தத்தில் சேர்க்கும் மக்கள் வழக்கு வெறுங்கற்பனையில் பிறந்ததன்று. எனினும் கிதாபுகள் அவ்வளவு எளிதாக முடிவு கட்டிவிடவில்லை. மூக்குநீரைப் பெரும்பாலும் பல்கத்தோடு சார்த்திய அவை, ஸஃப்ராவின் உறைவிடமாக மராரா எனும் பித்தப்பையைக் கூறின. இப்னு ஸீனா (980–1037) தம் அல்கானூனின் மூன்றாம் பாகத்தில் தலை முதல் கால் வரை உறுப்பு வாரியாக நோய்களை ஆராய்கிறார். அங்கே மூக்கின் நோய்களுக்கும் பித்தப்பையின் நோய்களுக்கும் தனித்தனி இடங்கள் உள.

இத்துறையில் நாம் சிறப்பாக நினைக்க வேண்டியவர் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸி (865–925). ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளை நடத்தியவர். அவர் காலத்து அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, வசந்த காலத்தில் ரோஜாவை முகர்ந்தவுடன் ஜலதோஷத்துக்கு ஆளாவார். அதன் காரணத்தை ஆராய்வதற்கென்றே ராஸி ஒரு சிறுநூல் எழுதினார். பருவகால மூக்கு ஒவ்வாமையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகத் தொன்மையான பதிவுகளுள் அது ஒன்று. ஐரோப்பாவில் ஜான் பாஸ்டாக் தமக்கிருந்த இத்தகைய நோயை விவரித்தது 1819இல். சார்லஸ் பிளாக்லி மகரந்தமே காரணமென்று சோதனைகளால் காட்டியது 1873இல்.

ராஸியும் நால்வகை நீர்க் கொள்கையின் மொழியிலேயே பேசினார். ஆயினும் ஒரு மனிதர், ஒரு பருவம், ஒரு மலர் என்று குறிப்பிட்ட நிகழ்வை நோக்கியதே அவருடைய பெருமை. ரோஜாவின் மகரந்தம் காற்றில் எளிதாகப் பரவுவதன்று. ஆதலால் அதே பருவத்தில் பரவும் வேறு மகரந்தமோ, மலரின் மணமோ அபூ ஸைதை வருத்தியிருக்கலாம் என இன்று கருத இடமுண்டு. ஆசான் ஜாலீனூஸையே ஐயுற்று நூல் செய்த ராஸி இத்திருத்தத்தை மகிழ்ந்தே ஏற்றிருப்பார். பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்துக் காட்டித் தனிநூல் எழுதியவரும் அவரே. ஒன்றாகத் தோன்றும் இரண்டைப் பிரித்தறிவதே அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

இன்றைய அறிவும் அவ்வழியே செல்கிறது. 'அலர்ஜி' எனும் சொல்லை 1906இல் வான் பிர்கே வழங்கினார். அதில் பங்கேற்கும் ஐஜிஇ எனும் எதிர்ப்புரதம் 1960களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டது. மகரந்தமோ தூசியோ மூக்கினுள் புகும்போது ஹிஸ்டமின் சுரந்து தும்மலை எழுப்புகிறது. நம் வயல்வரப்புகளில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியமும் இதற்கு ஒரு காரணமாகலாம். பித்தப்பையின் செய்தி வேறு. கல்லீரல் சுரக்கும் பித்தநீரைத் தேக்கிவைத்து, கொழுப்புணவு வரும்போது சுருங்கி வெளியேற்றும் பை அது. அதன் வாயைக் கல் அடைத்தால் வலி எழும். வலத் தோளுக்கும் முதுகுக்கும் பரவும். 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் அப்பையை அறுத்தெடுத்து நோயாளியைப் பிழைக்கச் செய்தார். பித்தப்பை இன்றியும் மனிதர் வாழலாம் என்பது அதனால் நிறுவப்பட்டது.

ஒவ்வாமையில் பெருகும் இயோசினோஃபில் எனும் வெள்ளணுக்கள் மிக அரிதாகப் பித்தப்பையிலும் திரண்டு அழற்சி உண்டாக்குவதுண்டு. அதனையும் ஆய்வால் மட்டுமே அறிய முடியும். பெரும்பாலாரிடம் இவ்விரண்டும் ஒரே உடலில் குடியேறிய இரு வேறு நோய்களேயாம்.

இவற்றையெல்லாம் அந்த விவசாயிக்கு எளிய மொழியில் எடுத்துரைத்தோம். தும்மலுக்கு அதன் காரணியை அறிந்து விலகுக; விலா வலிக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்க; காய்ச்சலோ கண் மஞ்சளோ சேர்ந்தால் ஒரு நாளும் தாமதியாது மருத்துவமனை செல்க என்றோம். கஷாயத்தோடு காத்திருந்தால் பை அழுகவும் உயிருக்கே ஊறு நேரவும் கூடும். மருந்தில்லாமல் நோயை இறைவன் இறக்கவில்லை என்பது நபிமொழியின் கருத்து. எந்த நோய் என்று பிரித்தறிந்தால்தானே அதற்குரிய மருந்தைத் தேட இயலும்? கிதாபுகளை மதிப்பதென்பது அவற்றை எழுதியோரைப் போல் ஆராய்வதுமாகும். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தை அருள்வானாக.